பெட்ரோல் குழாயின் பூட்டு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் பிரிவு மாணவர் எழுதியது)

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் பழமொழி. தேரின் உயரத்தை வியப்போர் பலர்; அச்சாணியைக் குனிந்து பார்ப்போர் சிலரே. மோட்டார் சைக்கிள் விஷயமும் அப்படித்தான். எத்தனை சி.சி., லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று மரத்தடியில் மணிக்கணக்கில் விவாதிக்கும் நம் மாணவ நண்பர்களில் எத்தனை பேர் பெட்ரோல் டேங்க்கின் அடியைப் பார்த்திருப்பார்கள்? அங்கே குழாய் எதனால் இணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல எத்தனை பேரால் இயலும்?

சுண்டு விரல் அளவே உள்ள அந்த இணைப்பைப் பற்றியதுதான் இக்கட்டுரை. கருவி ஏதும் இல்லாமல், விரலால் அழுத்திக் கழற்றவும் 'டக்' என்ற ஓசையுடன் மாட்டவும் கூடியது அது. பட்டறைகளில் 'லாக்' என்றும் 'கப்ளர்' என்றும் சொல்கிறார்கள். நான் பூட்டு என்றே எழுதுகிறேன். பிளாஸ்டிக்கில் வரும் இந்தப் பூட்டை எடுத்துவிட்டு உலோகப் பூட்டைப் பொருத்துவது நல்லதா என்பது ஒரு கேள்வி. நல்ல பூட்டோ கெட்ட பூட்டோ, அதை அறுத்து எறிந்துவிட்டு வெறும் ரப்பர் டியூபைச் செருகிக் கம்பியால் முறுக்கிவிடும் காரியம் ஏன் நடக்கிறது என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்வி பணமுள்ளவர்களின் கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதற்கு விடை காணாமல் இரண்டாவதற்கு விடை காண முடியாது.

கார்ப்பரேட்டர் காலத்தில் இந்தப் பூட்டுக்குத் தேவையே இருக்கவில்லை. டேங்க் மேலே, கார்ப்பரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையினாலேயே இறங்கிற்று. டேங்க்கைக் கழற்ற வேண்டுமானால் பெட்ரோல் காக்கை மூடி, டியூபை உருவினால் போதும். அந்தக் குழாயில் இருந்த அழுத்தம் எவ்வளவு என்பதை நம் பாடத்திலுள்ள எளிய சூத்திரத்தாலேயே கணக்கிடலாம். உயரம் 30 சென்டிமீட்டர் என்றும் பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்கு 740 கிலோகிராம் என்றும் கொண்டால், அழுத்தம் சுமார் 2,200 பாஸ்கல். ஒரு கம்பி கிளிப்பே அதைத் தாங்கிவிடும். கிளிப் இல்லாமலே பல ஆண்டுகள் ஓடிய வண்டிகளும் உண்டு.

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வந்தபின் கணக்கே மாறிவிட்டது. நம் நாட்டில் 2007-இலேயே பல்சர் 220, 2012-இல் கே.டி.எம். டியூக் 200 என்று சில வண்டிகள் இந்த முறையில் வந்தன. ஆனால் 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்த பிறகுதான், பால்காரரும் தபால்காரரும் ஓட்டும் 100 சி.சி. வண்டி வரை அது இறங்கி வந்தது. டேங்க்குக்கு உள்ளே ஒரு மின்சாரப் பம்ப் உட்கார்ந்துகொண்டு பெட்ரோலைத் தள்ளுகிறது. குழாயில் அழுத்தம் 3 பார் அளவில், அதாவது 3,00,000 பாஸ்கல். பழைய அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 136 மடங்கு! அதே தடிமன், அதே கறுப்பு நிறம். கண்ணுக்கு ஒரே டியூபாகத்தான் தெரியும். ஆனால் முன்பு கசிந்தால் சொட்டும். இப்போது கசிந்தால் பீச்சும்.

பூட்டுகளில் இரு வகை உண்டு. ஒன்று வெறும் பூட்டு. கழற்றினால் திறந்த குழாய்தான். நம் ஊர்ச் சிறு வண்டிகளில் இருப்பவை பெரும்பாலும் இவையே. மற்றொன்றில் இரு முனைகளிலும் வில் வைத்த சிறு அடைப்பான் இருக்கும். பிரித்த கணமே இரண்டு பக்கமும் தாமாக மூடிக்கொள்ளும். டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும்போதே டேங்க்கைக் கழற்றித் தூக்கலாம். இந்த இரண்டாம் வகைதான் வெளிநாட்டுப் பெரிய வண்டிகளில் புகழும் பழியும் ஒருங்கே பெற்றது.

பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1999-இல் கொண்டு வந்த ஆர் 1150 ஜி.எஸ். என்ற வண்டியை எடுத்துக்கொள்வோம். 22 லிட்டர் டேங்க் கொண்ட நெடும்பயண வண்டி. பம்ப்பும் வடிகட்டியும் டேங்க்குக்குள்ளே; பெட்ரோல் போக ஒரு குழாய், மிகுந்தது திரும்பி வர ஒரு குழாய். ஆகவே பூட்டுகளும் இரண்டு, இரண்டும் பிளாஸ்டிக். அந்த வண்டியில் பாட்டரியை எட்டுவதற்கே டேங்க்கைத் தூக்க வேண்டும்! நிரம்பிய டேங்க்கில் பெட்ரோல் மட்டுமே 16 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை ஒரு கையில் தாங்கிக்கொண்டு மறு கையால் இறுகிப்போன பூட்டைப் பிரிக்க முயன்றால் என்ன ஆகும்? ஆண் முனை கழுத்தோடு ஒடியும். உலகெங்கும் அந்த வண்டிக்காரர்களுக்கு நேர்ந்தது இதுதான். பித்தளையில் குரோம் பூசிய உலோகப் பூட்டுகளை வாங்கிப் போட்டுக்கொள்வது அவர்களிடையே கிட்டத்தட்ட ஒரு சடங்காகவே ஆயிற்று. டுகாட்டி வண்டிக்காரர்களும் அதே வழியில் சென்றார்கள்.

இந்த ஒடிவுக்கு அழுத்தம்தான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டால் அப்படித் தெரியவில்லை. பூட்டின் உள் விட்டம் 8 மில்லிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். 3 பார் அழுத்தம் அதன் மேல் செலுத்தும் விசை 15 நியூட்டன், அதாவது ஒன்றரைக் கிலோ எடைதான். நல்ல பிளாஸ்டிக் இதை ஆயுள் முழுவதும் தாங்கும். தாங்க முடியாதது மனிதக் கை கொடுக்கும் பக்கவாட்டு விசையை. குழாயைப் பிடித்து ஆட்டும்போது அதுவே நெம்புகோலாகி, கழுத்திலுள்ள மெல்லிய பள்ளத்தில் முழு விசையும் குவிகிறது. பல ஆண்டு வெப்பத்தில் பிளாஸ்டிக் முன்போல் வளைந்து கொடுப்பதும் இல்லை. ஆக, ஓடும்போது அல்ல, பழுது பார்க்கும்போதுதான் அது பெரும்பாலும் உயிரை விடுகிறது. அப்போதே முற்றும் ஒடிந்தால் நல்லது, கண்ணுக்குத் தெரிந்துவிடும். முடி அளவு விரிசலோடு மறுபடி மாட்டப்பட்டு, சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறதே, அதுதான் ஆபத்து. பெட்ரோல் பூஜ்யத்துக்கும் 40 டிகிரி கீழேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடும் திரவம். அந்த ஆவி காற்றை விடக் கனமானதால் மேலே போகாமல் இன்ஜினைச் சுற்றியே தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும்.

அப்படியானால் பிளாஸ்டிக்கில் செய்தவர்கள் எல்லோரும் மதியற்றவர்களா? இல்லை. 'பிளாஸ்டிக் என்றாலே மட்டம்' என்று நம்மவர் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இவ்வகைப் பூட்டுகளுக்குப் பயன்படும் அசிட்டால், நைலான் ஆகியவை பெட்ரோலில் கரைவதில்லை, துருப்பிடிப்பதில்லை, எடை குறைவு, வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. கார்களில் கோடிக்கணக்கில் இவை ஒழுங்காக வேலை செய்கின்றன. அடிக்கடி கழற்றாத இடத்தில் பிளாஸ்டிக் பூட்டு போதும். அடிக்கடி கழற்றியே தீர வேண்டிய இடத்தில் உலோகமே தகும். என் கருத்து இவ்வளவே. ஆர் 1150 ஜி.எஸ். இரண்டாவது வகை. அந்த வண்டி வைத்திருப்பவர் உலோகத்துக்கு மாறுவது ஆடம்பரம் ஆகாது.

ஆனால் உலோகத்துக்கு மாறியவர் அத்துடன் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதும் சரியில்லை. பூட்டைக் கசியாமல் வைப்பது பித்தளை அல்ல. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம். ஓ-ரிங் என்று எல்லோரும் அறிந்ததுதான். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற இயந்திரத் தொழிலாளி 1937-இல் இதற்குக் காப்புரிமை கோரியபோது அவருக்கு வயது 72. (எழுபத்திரண்டு வயதில் ஒருவர் வளையம் ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.) இந்த வளையம் சாதாரண நைட்ரைல் ரப்பராகவும் இருக்கலாம், ஃப்ளோரின் கலந்த உயர்ந்த ரப்பராகவும் இருக்கலாம். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் நைட்ரைல் உப்பி, இளகித் தன் உறுதியை இழக்கக்கூடும். ஃப்ளோரின் ரப்பர் அதைவிட நன்றாகத் தாங்கும். இரண்டும் கறுப்பாக இருக்க முடியும் என்பதால் நிறத்தை வைத்து இனம் காண முயல்வது வீண். பளபளக்கும் பித்தளைப் பூட்டை வாங்கி, கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு வளையத்தைப் போட்டவரை விட, பழைய பிளாஸ்டிக்கிலேயே சரியான வளையத்தைப் போட்டவர் பத்திரமாக ஊர் போய்ச் சேருவார்.

உயர்ந்த ரப்பர் என்பதாலேயே அது எங்கும் உயர்ந்தது என்றும் கொள்ளக்கூடாது. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் 7 பேருடன் வெடித்துச் சிதறியதே, அதன் ராக்கெட்டில் இருந்த வளையங்களும் ஃப்ளோரின் ரப்பர்தான். உறைநிலையை ஒட்டிய குளிரில் அவை விறைத்துப்போயின. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் மேதை ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டை ஒரு கிடுக்கியில் இறுக்கிப் பனிக்கட்டி நீரில் போட்டு எடுத்து, அது உடனே தன் வடிவுக்குத் திரும்பாததை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். நம் ஊர் வெயிலில் அந்தக் கவலை இல்லை. ஊட்டி மார்கழியிலும் இல்லை. ஜெர்மனியின் பனிக்காலத்தில் வண்டி ஓட்டுபவர்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, உலோகப் பூட்டு கனமானது. அதைத் தாங்கும் குழாயும் குழாய் செருகியிருக்கும் முனையும் அதிர்வில் ஆடும். பூட்டு ஒடியாது என்றால் அடுத்த பலவீனமான இடம் எது என்று பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அந்த இடம் டேங்க்கின் அடித்தட்டிலுள்ள முனை என்றால், பத்து ரூபாய்ப் பொருளைக் காப்பாற்றப் போய்ப் பல ஆயிரம் ரூபாய்ப் பொருளைப் பலி கொடுத்தவர் ஆவோம்.

இனி நம் தெருவுக்கு வருகிறேன். என் தந்தையார் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரு சக்கர வண்டி மெக்கானிக். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதோடு சரி. ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்தே இன்ஜின் எப்படி எரிகிறது என்று அவர் சொல்லுவார். அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு பருவம் ஆயிற்று.

வேறெங்கோ ஏற்கெனவே கை வைக்கப்பட்ட வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வருவதுண்டு. பூட்டு பிளேடால் அறுக்கப்பட்டிருக்கும். பம்ப்பின் முனையில் கார்ப்பரேட்டர் காலத்து டியூபைச் செருகி, திருகு கிளிப்போ கட்டுக்கம்பியோ போட்டு இறுக்கியிருப்பார்கள். இதில் தவறு ஒன்றல்ல. அந்த முனை டியூபுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. பூட்டு வந்து உட்காருவதற்காக வழவழப்பாக, ஒரே ஒரு மேட்டு வளையத்துடன் வார்க்கப்பட்டது. டியூப் பிடித்து நிற்பதற்கு வேண்டிய படிப்படியான பற்கள் அதில் கிடையா. இறுக்கினால் பிளாஸ்டிக் முனை நசுங்கும். இறுக்காவிட்டால் டியூப் வழுக்கும். டியூபும் அந்த அழுத்தத்துக்கு உரியதன்று. டியூபின் மேல் 'ஆர்-7' என்று அச்சிட்டிருந்தால் அது கார்ப்பரேட்டர் போன்ற குறைந்த அழுத்தத்துக்கு. 'ஆர்-9' என்றால்தான் இன்ஜெக்டர் வண்டிக்கு. எதுவுமே அச்சிடப்படாத டியூப்தான் நம் கடைகளில் மீட்டர் கணக்கில் தொங்குகிறது.

ஒரு நாள் மாலை வண்டி கொண்டு வந்த ஒருவர், "அண்ணே, அந்த லாக்கெல்லாம் எதுக்கு? அறுத்துப்புட்டு ட்யூபை மாட்டி விடுங்க, நேரமாச்சு" என்றார். தந்தையார், "வீட்டுல புள்ளகுட்டி இருக்காங்கல்ல? நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி வண்டியை ஓரமாக நிறுத்தினார். மறுநாள் அந்தப் பூட்டுக்கு ஒரு வளையமும் ஒரு பிடிப்பானும் வேண்டி ஒரு விற்பனை நிலையத்துக்கு நானே போனேன். தனியாகக் கிடைக்காது, குழாய் முழுவதும் ஒரே தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் பணம் கட்டினால் வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். கவுன்டரில் இருந்தவர் கூடுதலாக ஒன்றும் சொன்னார்: "ரோட்டோர மெக்கானிக் கையில கொடுத்தா இப்படித்தான் ஆகும்."

இந்தப் பேச்சைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். பூட்டைக் கழற்றும் முறையைத் தெருவோர மெக்கானிக்குக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பயிற்சி என்பது கம்பெனியின் சொந்தப் பணிமனை ஆட்களுக்கு. கையேடு என்பது ஆங்கிலத்தில். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பிடிப்பானைப் புதிதாக மாற்ற வேண்டும் என்று சில கையேடுகள் கட்டளை இடுகின்றன. அந்தப் பிடிப்பான் கடையில் கிடைக்காவிட்டால் கட்டளைக்கு என்ன மதிப்பு? உத்தரவாதக் காலம் முடிந்த நாள் முதல் அந்த வண்டி வேப்பமரத்தடிக்குத்தான் வரும் என்பது தயாரிப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. நம் மாநிலத்தில் ஒசூரிலும் ஒரகடத்திலும் வண்டிகள் செய்யப்படுகின்றன. அங்கே தயாராகி வரும் வண்டியின் குழாயை எப்படிக் கழற்றுவது என்பதைத் தமிழில் ஒரே ஒரு தாளில் அச்சிட்டு உதிரிப்பாகக் கடைகளில் ஒட்டுவது அவ்வளவு பெரிய செலவா?

பி.எம்.டபிள்யூ. வண்டிக்காரருக்கு பிளாஸ்டிக் பிடிக்கவில்லை என்றால் பித்தளை வாங்கிக்கொள்கிறார். அவருக்கென்று அதைச் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். நம்மூர் 100 சி.சி. வண்டிக்காரருக்கு உலோகப் பூட்டு வேண்டாம். அவர் வண்டியின் முனையே பிளாஸ்டிக் ஆதலால் அது பொருந்தவும் செய்யாது. அவருக்கு வேண்டியது சரியான ரப்பரில் செய்த ஒரு வளையம், ஒரு பிடிப்பான், தேவைப்பட்டால் முனை பொருத்திய ஒரு முழங் குழாய். தயாரிப்பாளர்கள் இவற்றைத் தனித்தனியே, எண் போட்டு, உறையில் அடைத்து விற்க வேண்டும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பக்கத்து ஊர் மெக்கானிக்குகளை அழைத்து இரண்டு மணி நேரம் செய்து காட்டினால் போதும். சான்றிதழ், மேடை, மாலை எதுவும் வேண்டாம்.

செய்து காட்டவும் அதிகம் இல்லை. பம்ப்புக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட விட்டால், குழாயில் இருப்பது தீர்ந்து தானாக நின்றுவிடும், அழுத்தம் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் பூட்டைத் தொட வேண்டும். முதலில் பூட்டை உள்நோக்கி லேசாகத் தள்ளி, பிறகு பிடிப்பானை அழுத்தி, நேராக இழுக்க வேண்டும், ஆட்டக்கூடாது, திருகக்கூடாது. மாட்டும்போது வளையத்தில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில். 'டக்' என்று கேட்டபின் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். அதன் பின் ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினால் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். அப்போதே கிக்கரை உதைக்காமல், குனிந்து பார்த்து, விரல் வைத்து, ஈரம் உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் கல்லூரியிலும் ஒரு காரியம் செய்யலாம். ஊரில் கிடைக்கும் வளையங்களைக் கடைக்கு ஒன்றாக வாங்கி, வேதியியல் துறையின் உதவியோடு, நெருப்புக்கு எட்டாத இடத்தில் மூடிய குப்பிகளில் இன்றைய பெட்ரோலில் ஒரு மாதம் ஊற வைப்போம். வாரந்தோறும் வெர்னியர் காலிப்பரால் தடிமனையும் தராசால் எடையையும் அளந்து குறிப்போம். செய்முறை ஏட்டில் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்வதோடு நில்லாமல், எந்த வளையம் உப்பியது, எது உப்பவில்லை என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பேருந்து நிலையத்துப் பக்கமுள்ள உதிரிப்பாகக் கடைகளில் ஒட்டச் சொல்லிக் கேட்போம். முதல் பத்து வளையங்களுக்கான பணத்தை என் தந்தையார் தருவதாகச் சொல்லியிருக்கிறார். துறைத் தலைவர் அவர்களின் அனுமதி ஒன்றுதான் பாக்கி.